பாதையை மூடும் மரங்கள்

“பாதை நிக்க மாட்டேங்குது டீச்சர். எத்தனை தடவை ஒட்டினாலும் மரம் வந்து மூடிடுது.”

ஜெசிந்தா அட்டையை ஆனந்தியின் முன்னால் வைத்தாள்.

பழைய காகிதங்களைக் கிழித்து அட்டையில் ஒட்டிக் காட்டுப் படங்களை உண்டாக்குகிறவள் ஆனந்தி. ஜெசிந்தாவைவிட இளையவள். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும் குருவானாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“மரத்தை யாருக்கா ஒட்டுறது?”

“நாந்தான்.”

“பாதையை?”

“அதுவும் நாந்தான். முதல்ல அதைத்தான் ஒட்டுறேன்.”

ஆனந்தி சிரித்துவிட்டாள். “வானம், மலை, மரம், கடைசியிலதான் பாதை. பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

“கடைசியில ஒட்டணும்னா அது எங்க போய் முடியுதுன்னு தெரியணுமே டீச்சர்.”

ஆனந்தியின் சிரிப்பு நின்றது.

போன மழைக்காலத்தில் ஜெசிந்தாவின் மகள் ரோஸ்லின் மலைக்காட்டுக்குள் போனாள். தேடப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

அவள் வரவில்லை.

ஆனந்தி படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். காலண்டர் தாளில் இலைகள். கல்யாணப் பத்திரிகையில் பூக்கள். எல்லாம் கத்தரியால் ஒழுங்காக வெட்டியவை.

“காம்பவுண்டுச் சுவர் மாதிரி இருக்குக்கா, உங்க காடு.”

ஆனந்தியின் விரல் படத்தின் அடியோரத்துக்குப் போனது.

“கீழ ஓரத்துல மட்டும் ஏன் வெறும் அட்டை?”

“அது நான் நிக்கிற இடம். அவ வெளிய வந்தா யாராவது இருக்கணுமில்ல?”

ஆனந்தி சிமென்ட் மூட்டைத் தாளை எடுத்தாள். சரசரவென்று கிழித்தாள். பசை தடவி, அந்த வெறும் அட்டைமேல் ஒரு அடிமரத்தை ஒட்டினாள்.

“ஐயோ, என்ன பண்றீங்க?”

இன்னொரு மரம். அதன்மேல் புதர். புதர்மேல் கொடி.

ஜெசிந்தா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் டீச்சர். கையெடுத்துக் கும்பிடுறேன். எனக்குப் பயமா இருக்கு.”

“தெரியும்க்கா.”

பிடித்த கையோடேயே ஆனந்தி ஒட்டினாள். மிச்சமிருந்த விரலகல அட்டையும் இலைக்குள் போய்விட்டது.

அப்புறம் கேட்டாள்.

“இப்ப எங்க நிக்கிறீங்க?”

ஜெசிந்தா தன் இடத்தைத் தேடினாள். இடப்பக்கம் மரம். வலப்பக்கம் மரம். முன்னால் இருட்டு. திரும்பிப் போக ஓரம் இல்லை.

அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. ஈரப் பசையின்மேல் குனிந்தாள்.

“ரோஸ்லின்,” என்று கூப்பிட்டாள். “அம்மாவும் உள்ளதான்டி இருக்கேன்.”