யாரும் இல்லை

கோடையில் குளம் வற்றியது. கரையிலிருந்த மருதமரப் பொந்தில் ஒரு முள்ளம்பன்றி, தான் தோண்டிய கிழங்குகளில் பாதியை வைத்தது. இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றது.

முதலில் வந்தது ஒரு நொண்டி முயல். வளையில் அதற்குக் குட்டிகள் இருந்தன. வெளியே தயங்கி நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டது.

அதன் கூச்சம் பொந்துக்குள் இருந்த முள்ளம்பன்றிக்குப் புரிந்தது. "யாரும் இல்லை," என்றது.

முயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழங்கை எடுத்துக்கொண்டு போனது. அதுவே அங்கு வழக்கமாயிற்று.

பொந்து வளர்ந்தது. அணில்கள் பழம் கொண்டுவந்தன. மான்கள் தழை கொண்டுவந்தன. குரங்குகள் இன்னும் இரண்டு மரங்களில் பொந்து பார்த்தன. முள்ளம்பன்றிக்குத் தோண்டவே பொழுது போதவில்லை. வாசலுக்கு மைனாவை வைத்தார்கள்.

வழக்கத்தைச் சொன்னதும் மைனா முகம் சுளித்தது. "நான் உட்கார்ந்திருக்கும்போது யாரும் இல்லை என்று சொல்வதா? எனக்குப் பொய் வராது அண்ணே."

வாதாட நேரமில்லாமல் முள்ளம்பன்றி கிழங்கு தோண்டப் போய்விட்டது.

மறுநாள் முயல் வந்து வழக்கம்போலக் கேட்டது.

"நான் இருக்கிறேன். நீ யார்? உனக்கு என்ன இல்லை?" என்றது மைனா உரக்க. பழம் அடுக்கிக்கொண்டிருந்த அணில்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"சும்மாதான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு முயல் நடந்தது.

அதன் பிறகு அது வரவில்லை. சில நாள் கழித்துத்தான் முள்ளம்பன்றி விசாரித்தது. மைனா நடந்ததைச் சொன்னது. முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்து நின்றன. குளத்துச் சேற்றில் அன்று காலை நரியின் கால்தடத்தைப் பார்த்திருந்தது. முயல் நொண்டிக்காலோடு தீனி தேடி அந்தப் பக்கம் போயிருந்தால்?

கிழங்கைக் கவ்விக்கொண்டு ஓடியது. மைனா பின்னால் பறந்தது.

வளைக்குள் சத்தமே இல்லை. முள்ளம்பன்றி கிழங்கைக் கீழே வைத்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டது.

மறுபடி கேட்டது.

வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது. "யாரும் இல்லை."

முள்ளம்பன்றி கிழங்கை வளைவாயில் தள்ளிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டது. ஏதோ சொல்ல வாயெடுத்த மைனாவும் பேசாமல் திரும்பிக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் சின்னப் பற்கள் கிழங்கைக் கொறிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் மருதமரத்தடியில் யாரோ தயங்கிக் கேட்டார்கள். மைனா இலைகளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "யாரும் இல்லை," என்றது.

உதவி எத்தனை பெரிதாக வளர்ந்தாலும், கேட்டு வருபவர் தலைகுனியாமல் திரும்பிப் போக அதில் வழி இருக்க வேண்டும்.