குமிழியைப் பஞ்சாக்கிய நண்டு

காட்டுக்கு நடுவே ஓர் ஏரி இருந்தது. காலையில் அதன்மேல் இறங்கும் பனிமூட்டம் மதியம் வரை எழுந்து போகாது. எது தண்ணீர், எது வானம் என்று மீன்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த ஏரி மீன்கள் குமிழியில் பேசிக்கொள்ளும். சொல்ல வேண்டியதை ஒரு குமிழிக்குள் ஊதிவிட்டால் போதும். வார்த்தைகள் உள்ளே மின்மினி போல மினுங்கும். பக்கத்து மீன் அதை மூக்கால் மெல்லத் தள்ளும். அதற்கடுத்த மீனும் தள்ளும். அப்படியே ஏரியின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காட்டில் வேறு வழக்கம். அங்கே எல்லாம் இலவம் பஞ்சுதான். வார்த்தையைப் பஞ்சில் பொதிந்து கொடுத்தால், குருவிகள் அலகில் கவ்விக்கொண்டு கிளைக்குக் கிளை தாவி, உரியவரிடம் சேர்த்துவிடும்.

ஆனால் குமிழி காற்றுக்கு வந்தால் உடைந்துவிடும். பஞ்சு தண்ணீரில் விழுந்தால் ஊறி மூழ்கிவிடும். அப்படியானால் மீன் சொல்வது காட்டுக்கு எப்படிப் போகும்?

அதற்குத்தான் கரையில் ஒரு நண்டு இருந்தது. அதன் வளையில் பாதி தண்ணீருக்குள், பாதி மண்ணுக்குள்.

நண்டு ஈரக் கொடுக்கால் குமிழியை வாங்கும். மேலே ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்து, யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். அப்புறம் தன் இரண்டு கண்களையும் குழிக்குள் மடக்கிக்கொள்ளும். அடுத்தவர் பேச்சை நாம் பார்க்கலாமா? கண்ணை மடக்கியபடியே குமிழியைப் பஞ்சுக்குள் வைத்து, முள்ளால் ஒரு குத்து. டப்! வார்த்தைகள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பஞ்சு ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் தாங்காது. செய்தி நீளம் என்றால் பிய்த்துப் பல பஞ்சுகளில் வைக்கும். முதல் பஞ்சில் ஒரு விதை, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. குருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியாகப் போகும். எது முந்தினாலும் எது பிந்தினாலும், விதையைப் பார்த்து வரிசையாக வைத்துக்கொண்டால் பேச்சு முழுதாகிவிடும். காட்டிலிருந்து ஏரிக்கு வருவதையும் நண்டு இப்படியேதான் மாற்றிக் கொடுக்கும்.

இந்த நண்டை நம்பி இரண்டு அம்மாக்கள் தோழிகள் ஆகியிருந்தார்கள். ஒருத்தி, ஆறு வந்து ஏரியில் கலக்கும் வாயில் குடியிருந்த விரால் மீன். இன்னொருத்தி, கரையோரத் தாழ்வில் நாணல் திட்டில் இருந்த முயல். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்க்கவும் முடியாது.

"என் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று இருக்கின்றன. உன் குட்டிகள் எப்படி?" என்று விரால் கேட்கும்.

"காய்ந்த புல் நிறம் அக்கா! அசையாமல் படுத்தால் எனக்கே கண்ணில் படாது. அப்போது வரும் பாருங்கள் ஒரு பயம்!" என்று முயல் சொல்லும்.

"காற்று எப்படி இருக்கும்?"

"கையில் பிடிக்க முடியாத தண்ணீர் மாதிரி இருக்கும் அக்கா."

கடைசியில் மறக்காமல் ஒரு 'கிடைத்தது' வரும். அது வந்தால்தான் விராலுக்கு நிம்மதி. அனுப்பினால் மட்டும் போதாதே, சேர வேண்டுமே!

ஒருநாள் கெளுத்தி மீனிடமிருந்து மீன்கொத்திக்கு ஒரு குமிழி வந்தது. உள்ளே வார்த்தைகள் குதித்த குதியில் குமிழியே துள்ளியது. 'அப்படி என்னதான் இருக்கும்?' நண்டு ஒரே ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தது.

"ஏய் நீட்டு மூக்கா! உன் மூக்கு பாறையில் முட்டி உடையட்டும்!" என்று இருந்தது.

'ஐயோ, எதற்கு வீண் சண்டை?' என்று நினைத்தது நண்டு. அதன் வளையில் பழைய பஞ்சுகளிலிருந்து உதிர்ந்த மிச்ச வார்த்தைகள் கிடந்தன. 'அழகு', 'தூக்கம்', 'நலம்', 'பச்சை' என்று எல்லாம் மென்மையான வார்த்தைகள். கெளுத்தியின் சாபத்தை உருவி ஓரமாகப் போட்டுவிட்டு, "உன் மூக்கு அழகு" என்று பஞ்சுகளில் வைத்து அனுப்பிவிட்டது.

மீன்கொத்திக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்கத் தண்ணீரில் தன் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு மீனையும் பிடிக்கவில்லை!

"என்ன நண்டே, என் சாபம் பலித்ததா?" என்று கெளுத்தி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தது.

"பலித்தது, பலித்தது! பட்டினியாகக் கிடக்கிறான்!" என்றது நண்டு.

கெளுத்திக்கும் சந்தோஷம், மீன்கொத்திக்கும் சந்தோஷம். நண்டுக்கோ சொல்ல முடியாத சந்தோஷம். 'அட! நான் வெறுமனே வாங்கிக் கொடுக்கிறவன் இல்லை. நல்லது செய்கிறவன்!' அன்றிலிருந்து அது கண்ணை மடக்குவதை விட்டுவிட்டது. கோபம் வந்தால் ஒரு சொல்லைக் குறைத்தது. அழுகை வந்தால் ஒரு சொல்லைச் சேர்த்தது. ஏரியும் காடும் இனிமையாகப் பேசிக்கொண்டன. பனிமூட்டத்துக்குள் எல்லோரும் பாதி கனவில் இருப்பதுபோல இருந்தார்கள்.

அப்புறம் மழைக்காலம் வந்தது.

ஒரு காலையில் மலையிலிருந்து வந்த ஆற்றுநீர் விராலின் வாயில் கசந்தது. வேரோடு பிடுங்கிய செடிகளின் வாசனை அதில் இருந்தது. மலை மீன் ஒன்று உருண்டு புரண்டு வந்து விழுந்தது.

"மேல் குளம் உடைந்துவிட்டது! வெள்ளம் வருகிறது! ஓடுங்கள்!" என்று மூச்சிரைத்தது.

விரால் தன் குஞ்சுகளை வேர்ப் பொந்துக்குள் விரட்டியது. அடுத்த நொடி அதற்கு முயலின் ஞாபகம் வந்தது. 'தாழ்வான திட்டாயிற்றே! மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?' இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு குமிழி ஊதியது. மீன்கள் பறந்தடித்துக்கொண்டு தள்ளின. குமிழி நண்டிடம் வந்தது.

நண்டு பார்த்தது.

"மேல் குளம் உடைந்தது. வெள்ளம் வருகிறது. திட்டு மூழ்கும். குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாறைமேட்டுக்கு ஓடு. இப்போதே!"

நண்டு குமிழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. 'இதை எப்படி அவளிடம் சொல்வது? பச்சை உடம்புக்காரி! இலை விழுந்தாலே நெஞ்சு அடைத்துப்போகிறவள். இதைப் படித்தால் அங்கேயே விழுந்துவிடுவாள். பால் வற்றிவிடும். மலை எங்கே, திட்டு எங்கே! அவ்வளவு தூரம் தண்ணீர் வரவா போகிறது? வந்தால் மெதுவாகத்தான் வரும். மதியத்துக்கு மேல் நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன்.'

அது 'வெள்ளம்' என்ற வார்த்தையை உருவியது. 'மூழ்கும்' என்பதையும் உருவியது. 'இப்போதே' என்ற வார்த்தை சுட்டது. அதையும் கொடுக்கால் கவ்வி, மற்றவற்றோடு வளையின் சேற்றில் புதைத்தது. மிச்ச வார்த்தைகளைத் துழாவி எடுத்து, ஒவ்வொரு பஞ்சிலும் விதை வைத்து, குருவிகளிடம் கொடுத்தது.

நாணல் திட்டில் முயல் பஞ்சுகளை வரிசையாக வைத்துப் படித்தது. "மலையில் நல்ல மழை. தண்ணீர் வரும். நாணல் பச்சையாகும். குட்டிகளோடு நன்றாகத் தூங்கு."

காலையிலிருந்து முயலுக்கு என்னவோ போல் இருந்தது. மண் லேசாக அதிர்ந்தது. தவளைகள் கத்தவில்லை. காது தானாக நிமிர்ந்து நிமிர்ந்து நின்றது. ஆனால் விரால் அக்காவே சொல்லிவிட்டாளே! ஆற்றின் வாயிலேயே இருப்பவளுக்குத் தெரியாதா? 'நான்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன்' என்று முயல் தன்னையே கடிந்துகொண்டது. "கிடைத்தது அக்கா. தூங்கப் போகிறேன்" என்று பதில் அனுப்பிவிட்டுக் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

நண்டுக்கு அந்தப் பதிலில் மாற்ற ஒன்றும் இல்லை. இருந்ததை இருந்தபடி குமிழியில் போட்டு அனுப்பியது.

ஆற்றின் வாயில் நீர் இழுக்கத் தொடங்கியிருந்தது. விரால் இன்னும் பொந்துக்குள் போகாமல், பதிலுக்காக வேரைக் கவ்விக்கொண்டு காத்திருந்தது. குமிழி வந்தது. படித்தது. அதன் செதில்கள் சிலிர்த்தன.

அடுத்த குமிழி முயலுக்கு வரவில்லை. நண்டின் பெயருக்கே வந்தது.

"தூங்கப் போகிறாளாம். நான் சொன்னதைக் கேட்ட எந்த அம்மாவும் தூங்க மாட்டாள். நண்டே, என் வார்த்தைகள் எங்கே?"

நண்டு படித்து முடிக்கவில்லை. வளைக்குள் தண்ணீர் சரசரவென்று ஏறியது. நீரின் நிறம் மாறியிருந்தது. கலங்கல்! அதில் மலைச் செடி ஒன்று வேரோடு மிதந்து வந்தது.

"ஐயோ, வந்துவிட்டதே!"

நண்டு சேற்றைக் கிளறியது. 'வெள்ளம்' கிடைத்தது. 'மூழ்கும்' கிடைத்தது. 'இப்போதே' இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அவசர அவசரமாகப் பஞ்சில் வைத்தது. வெளியே தூறல் பிடித்துவிட்டது.

"குருவிகளே! சீக்கிரம்! நாணல் திட்டுக்கு!"

"மழையில பஞ்சு நனையும் மாமா! வார்த்தை ஒழுகிடும்!" என்றது தையல்சிட்டு.

"இறக்கைக்கு அடியில வெச்சுக்கிட்டுப் போ! ஆளுக்கொரு வழியா போங்க! ஏதாவது ஒண்ணாவது சேரட்டும்!"

குருவிகள் மழைக்குள் பாய்ந்தன. ஒரு பஞ்சு ஊறி ஓடையில் விழுந்தது. ஒன்றைக் காற்று பறித்துக்கொண்டது. ஒரு குருவி வழி தெரியாமல் திரும்பி வந்தது. தையல்சிட்டு மட்டும் முயலின் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தது. அது கொண்டுவந்த பஞ்சில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"இப்போதே!"

முயல் துள்ளி எழுந்தது. திட்டைச் சுற்றிலும் தண்ணீர். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் குட்டியைக் கழுத்தில் கவ்வியது. ஓடியது. பாறைமேட்டில் போட்டது. திரும்பியது. தண்ணீர் கணுக்காலில். இரண்டாவது குட்டி. ஓடியது. திரும்பியது. தண்ணீர் வயிற்றில். மூன்றாவது குட்டி படுத்திருந்த குழி இப்போது குழியாக இல்லை. நாணல் நுனிகள் மட்டும் ஆடின. முயல் மூழ்கித் துழாவியது. ஏதோ ஒன்று மெத்தென்று வாயில் பட்டது. கவ்விக்கொண்டு நீந்தியது. முயலுக்கு நீச்சல் வருமா என்று யோசிக்க அதற்கு நேரம் இல்லை.

மூன்றாவது குட்டி பாறையில் அசையாமல் கிடந்தது. முயல் நக்கியது. மூக்கை நக்கியது, நெஞ்சை நக்கியது, விடாமல் நக்கியது. மழை பெய்துகொண்டே இருந்தது. உலகமே பனிக்குள் எங்கோ தூரத்தில் இருந்தது.

குட்டி தும்மியது.

அப்போதுதான் நண்டு பக்கவாட்டில் நடந்து நடந்து மேட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் குட்டிகளை எண்ணிப் பார்த்தது. பெருமூச்சு விட்டது.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரு. அக்கா சொன்னது வேற. நான்தான் மாத்தி வெச்சேன். பச்சை உடம்புக்காரி, பயந்துடுவியேன்னு..."

முயல் நிமிர்ந்து பார்த்தது. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது.

"பயந்திருப்பேன் அண்ணா! நல்லா பயந்திருப்பேன்! நடுங்கிக்கிட்டே மூணு பேரையும் கால் நனையாம இங்க கொண்டுவந்திருப்பேன்! எனக்குக் கொடுக்கு இருக்கா? கொம்பு இருக்கா? பயம் ஒண்ணுதான் இருக்கு. அதை வெச்சுத்தான் நான் குட்டிகளைக் காப்பாத்தணும். அதைப் போய் நீங்க சேத்துல புதைச்சிட்டீங்களே!"

மழை நண்டின் ஓட்டின்மேல் தட்டிக்கொண்டே இருந்தது.

குட்டிகளை மழைக்கு மறைத்து அணைத்துக்கொண்டு முயல் கேட்டது: "அக்கா பத்திரமா?"

"உன் பதில் தப்பா வந்ததும் என்னை ஒரு திட்டுத் திட்டிட்டு, அப்புறம்தான் பொந்துக்குள்ள போனாளாம். குஞ்சுகளோட நல்லா இருக்கா. மீன்கள் சொல்லிச்சு."

"அப்போ அவங்களுக்குச் சொல்லணும். 'நாங்க நாலு பேரும் இருக்கோம். எனக்கு இன்னும் நடுக்கம் நிக்கல.'" முயல் குட்டியின் காதை ஒருமுறை நக்கிவிட்டுத் தொடர்ந்தது. "அந்த நடுக்கத்தை விட்டுட்டு அனுப்பாதீங்க. அவங்களுக்கு அதுவும் தெரியணும்."

"ஒரு சொல் குறையாது தங்கச்சி," என்றது நண்டு. அந்தச் செய்தியைப் பஞ்சுகளில் பொதிந்து, மழையில் நனையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஏரியை நோக்கிப் பக்கவாட்டில் இறங்கத் தொடங்கியது.

இரண்டு உலகங்களுக்கு நடுவில் நின்று செய்தி கொண்டு சேர்ப்பவர் அதன் உறையை மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பதை அன்பினால்கூட மாற்றக்கூடாது.