கொஞ்சம் பெரிய சிலுவை

"சிஸ்டர், ஒரு வண்டிக்காக ஜெபம் பண்ணணும்" என்றார் தொம்மை.

லெயோனா சிஸ்டர் மடத்துத் தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொம்மையைவிட வயதில் சின்னவர். ஆனாலும் விசுவாசத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் தொம்மைக்கு அவர்தான் குரு. வத்தலக்குண்டில் இத்தனை சந்தேகம் வருகிற மெக்கானிக் வேறு யாரும் இல்லை.

"வண்டிக்கு என்ன?"

"கொடைக்கானல் போய் கேரட் ஏத்திட்டு இறங்கணும். பிரேக் பைப்புல ஓட்டை. புதுப் பைப் நாளைக்குத்தான் வரும். இன்னிக்கே வண்டியை விடலேன்னா நீ இனிமே வேலைக்கு வர வேண்டாம்னுட்டார் மொதலாளி."

"அதனால?"

"ஓட்டையைப் பத்தவச்சு, மேல கறுப்புப் பெயின்ட் அடிச்சிட்டேன். தாங்கும்னுதான் நினைக்கிறேன்."



"நீங்க ஜெபம் பண்ணலியா அண்ணே?"

"காலையிலேருந்து அதைத்தான் பண்றேன். ஒரு வாய் சோறு இறங்கலை."

சிஸ்டர் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். கை கழுவினார். குடையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க. வண்டிகிட்டயே போய்ப் பண்ணுவோம்."

தொம்மைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிஸ்டர் வண்டிமேல் கைவைத்து நாலு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். பாவத்தையும் பிரேக் பைப்பையும் சேர்த்து.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். டிரைவர் முனீஸ் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தொம்மைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டியில் வேலையை முடித்தால் கதவோரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு சிலுவை போடுவார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

இந்தக் கதவில் அது உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?" என்றார் சிஸ்டர்.

தொம்மை குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

முனீஸ் சிரித்தான். "அண்ணன் இதைப் போட்டுட்டா கண்ணை மூடிக்கிட்டு மலை இறங்கலாம் சிஸ்டர். உங்க சாமியை எனக்குத் தெரியாது. அண்ணனைத் தெரியும்."

தொம்மை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். முதலாளி பல் குத்துவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். தொம்மை எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"தம்பி, நானும் வரலாமா? சாயங்காலம் உன்கூடவே இறங்கிடுறேன்."

"தாராளமா வாங்க சிஸ்டர்."

முனீஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது.

தொம்மை ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், என்ன பண்றீங்க?"

"நீங்கதானே ஜெபம் கேட்டீங்க. மலை இறங்குறப்ப உள்ள உட்கார்ந்து பண்றேன். இன்னும் உருக்கமா வரும்."

"வேண்டாம். இறங்குங்க."

"ஏன் அண்ணே?"

"இறங்குங்க சிஸ்டர். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

சிஸ்டர் மெதுவாகக் கீழே இறங்கினார். குடையை விரித்தார்.

"நான் இறங்கிட்டேன்" என்றார். "அப்ப முனீஸ்?"

முனீஸ் ஒன்றும் புரியாமல் கியரைப் போட்டான். வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

தொம்மை ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"முனீஸ், இறங்கு. பிரேக் சரியில்லை. பத்தவச்சு, தெரியாம இருக்கப் பெயின்ட் அடிச்சவன் நான்தான்."

இன்ஜின் அணைந்தது. முனீஸ் இறங்கி வந்து தொம்மையின் முகத்தைப் பார்த்தான். அவன் ரெண்டு அறை விட்டிருந்தால்கூடத் தொம்மைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளையிலேருந்து இந்தப் பக்கம் வந்துடாதே" என்றார் முதலாளி.

"சரிங்க மொதலாளி. அந்தப் பைப்பை மட்டும் கழட்டிட்டுப் போயிடுறேன்."

தொம்மை ஸ்பேனரை எடுத்தார். வண்டிக்கு அடியில் நுழையப் போனவர் நின்றார். இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக் கதவில் இருந்த சிலுவையைத் துடைத்தார்.

"அதை ஏன் அண்ணே அழிக்கிறீங்க?" என்றார் சிஸ்டர்.

"வேலை இன்னும் முடியலியே சிஸ்டர்."