துணி கட்டிய நுனி

“தப்புப் பண்ணினவனை வெளியே அனுப்பிட்டேன், டீச்சர். தப்பு மட்டும் போக மாட்டேங்குது.”

மாசிலாமணி வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இது.

சுலைகா டீச்சர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். விமானங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு, இப்போது வேலைக்காரர்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பலருக்கு அது ஒரு பிழைப்பாகவே படவில்லை. நாடா இருக்கிறது, கண் இருக்கிறது, அப்புறம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பார்கள். மாசிலாமணியும் அப்படிச் சொன்னவர்தான்.

“என்ன தப்பு?” என்றார் டீச்சர்.

மாசிலாமணி சொன்னார்.

அவர் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியின் ஷெட்டுக்குத் தலைமை மெக்கானிக். அங்கே ஒரு சின்ன விமானம் உண்டு. இரண்டு பேர் உட்காரலாம். மூக்கில் ஒரே இன்ஜின், அதன் முன்னால் மரத்தில் செய்த ப்ரொபெல்லர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அது பறக்கும்போது நடுங்கியது. ஒரு சுற்றுப் போய் இறங்கினால் வாயில் பல்லெல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று விமானிகள் கேலி பேசினார்கள்.

அந்த இன்ஜினை மழைக்கு முன்னால் பழுதுபார்த்துப் பூட்டியவன் தவசி. மாசிலாமணியிடம் வெகுகாலமாக வேலை பார்த்தவன்.

இந்த மாதிரி விமானத்தில் இன்ஜின் நேராக முன்னே பார்த்துக்கொண்டு இருக்காது. ப்ரொபெல்லர் ஒரே திசையில் சுற்றுவதால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க இன்ஜினை வலது பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் பூட்டுவார்கள். எவ்வளவு திருப்ப வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை அளப்பதும் எளிது. ப்ரொபெல்லரைக் கிடையாக நிறுத்தி, அதன் நுனியிலிருந்து, வாலின் நடுவில் நிற்கும் வால் கம்பம் வரை நாடா பிடிக்க வேண்டும். வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. இன்ஜின் வலது பக்கம் திரும்பியிருப்பதால் வலது அளவு குறைவாக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

மாசிலாமணி அளந்தார். வித்தியாசம் போதவில்லை. அப்படியென்றால் இன்ஜின் போதுமான அளவு திரும்பவில்லை, தவசி பூட்டியது தப்பு.

“அவன் என்ன சொன்னான்?”

“இன்னொரு தடவை பாருங்கண்ணேன்னான். எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க.”

பார்த்தாரா என்று டீச்சர் கேட்கவில்லை.

ஷெட்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் மாசிலாமணி அன்றைக்கு அதைச் செய்தார். நாடாவைத் தவசியிடமே கொடுத்து, வந்த அளவை அவன் வாயாலேயே உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு அவனிடமிருந்த ஷெட் சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்தவர்களுக்கும் ஒரு பயம் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாராம்.

பயம் நன்றாகவே பரவியது. இன்ஜினைக் கோணலாகப் பூட்டியவன் என்ற பேச்சு, பக்கத்து ஊர் ஷெட்டுகளுக்கும் போய்விட்டது. தவசியை யாரும் சேர்க்கவில்லை. இப்போது ஏதோ அரிசி மில்லில் பெல்ட் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பின் மாசிலாமணி தன் கையாலேயே வாஷர்கள் போட்டு இன்ஜினைத் திருப்பினார். அளவு புத்தகத்தில் உள்ளபடியே வந்தது. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. போதாததற்கு, விமானம் இப்போது வலது பக்கம் இழுத்தது.

“ஓடுபாதையிலேயே கட்சி மாறிடுதுன்னு சிரிக்கிறாங்க, டீச்சர்” என்றார் மாசிலாமணி. “எங்க அளவுல தப்பே இல்லை. நீங்க வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டா, என் பேர் நிக்கும்.”

“யார் பேர்?”

மாசிலாமணி பதில் சொல்லுமுன் டீச்சர் எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடப் போனார்.

ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். வெல்டர் சூசை முன்னால் நின்றார். தவசியோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர் அவர்.

டீச்சர் விமானத்தைச் சுற்றி நடந்தார். ப்ரொபெல்லர் செங்குத்தாக நின்றது, ஒரு பிளேடு மேலே, ஒன்று கீழே. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “நீங்க எப்படி அளந்தீங்களோ அப்படியே அளங்க, சார்” என்றார்.

மாசிலாமணி ப்ரொபெல்லரைக் கிடையாகத் திருப்பினார். சூசையை வலது நுனியில் நாடா பிடிக்கச் சொல்லி, வால் கம்பத்தில் தானே நின்று படித்தார். பிறகு சூசை இந்தப் பக்கம் வந்து இடது நுனியில் பிடித்தார். மாசிலாமணி அதையும் படித்தார். உரக்கவே படித்தார். புத்தகத்தில் உள்ள வித்தியாசம் அச்சுப் பிசகாமல் வந்தது.

“பார்த்தீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்தும் ஒரு தடவை தலையாட்டினார்.

டீச்சர் கருவித் தட்டிலிருந்து ஒரு சிவப்புக் கந்தல் துணியை எடுத்தார். வலது பக்கம் இருந்த நுனியில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“இந்த நுனியில மட்டும் பிடிங்க.”

சூசை பிடித்தார். மாசிலாமணி படித்தார். முன்பு வந்த அதே அளவு.

டீச்சர் ப்ரொபெல்லரை அரைச் சுற்றுச் சுற்றினார். துணி கட்டிய நுனி இப்போது இடது பக்கம் வந்தது.

“இப்பவும் அதே நுனிதான்.”

சூசை துணி கட்டிய நுனியில் நாடாவை வைத்தார். மாசிலாமணி வால் கம்பத்தில் குனிந்தார்.

இந்தத் தடவை அவர் குரல் எழும்பவில்லை.

“என்னண்ணே வருது?” என்று சூசை அங்கிருந்து கேட்டார்.

“பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றார் மாசிலாமணி.

பார்க்க ஒன்றுமில்லை. நாடா தெளிவாகத்தான் இருந்தது. இடது அளவு கூடியிருந்தது. வித்தியாசம் புத்தகத்தில் உள்ளதைவிட ஒரு விரல் அகலம் அதிகம். வாஷர் போட்டு அவர் எவ்வளவு திருப்பினாரோ, அவ்வளவும் அதிகம்.

வாஷர் போடுவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிறு பையன் போடும் கழித்தல் கணக்கு. விடை வந்ததும், மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

தவசி பூட்டியது மிகச் சரியாக இருந்திருக்கிறது.

இரண்டு பிளேடும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பி, ஒரு பக்கத்தை ஒரு நுனியாலும் மறுபக்கத்தை வேறு நுனியாலும் அவர் அளந்திருக்கிறார். டீச்சர் துணி கட்டிய பிளேடு கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருந்தது. அது வலது பக்கம் இருந்ததால் வலது அளவு கூடி, வித்தியாசம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. நடுக்கமும் அதனால்தான்.

டீச்சர் அந்தப் பிளேடை உள்ளங்கையால் நீவிப் பார்த்தார். ஒரு இடத்தில் வார்னிஷ் உப்பியிருந்தது.

“ஈரம் குடிச்சிருக்கு” என்றார். “மர ப்ரொபெல்லர். ராத்திரியில எப்படி நிறுத்துவீங்க?”



எல்லாருக்கும் தெரியும். தினமும் வேலை முடிந்ததும் தவசி அதைக் கிடையாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போவான். அப்படி வைத்தால் மழைக்காலத்தில் இரண்டு பிளேடும் ஒரே மாதிரி ஈரம் வாங்கும். செங்குத்தாக நிறுத்தி வைத்தால் ஈரமெல்லாம் கீழ்ப் பிளேடில் இறங்கிவிடும். ஒரு நாள் அவசரமாக வந்த மாசிலாமணி, கிடையாக இருந்த அந்தப் பிளேடில் நெற்றியை இடித்துக்கொண்டார். நல்ல வீக்கம். ஷெட்டே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து ப்ரொபெல்லர் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தவசி ஏதோ சொல்ல வந்தான். நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த மாசிலாமணிக்கு அது காதில் ஏறவில்லை.

“செங்குத்தா நிறுத்தி வைக்கச் சொன்னது யாரு?” என்று டீச்சர் கேட்டார்.

சூசை மாசிலாமணியைப் பார்த்தார். அவர் பார்த்ததும் மற்றவர்களும் பார்த்தார்கள்.

“எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்கப்பா” என்றார் மாசிலாமணி. “கொஞ்சம் வேலை இருக்கு.”

அவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். வாசலைத் தாண்டும்வரை சூசை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஷெட் காலியானதும் மாசிலாமணி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எல்லாம் என்னாலதான், டீச்சர்” என்றார் தாழ்ந்த குரலில். “பிளேடு கெட்டதும் என்னால. அளந்ததும் நான். அவன் மேல ஒரு தப்பும் இல்லை.”

டீச்சர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“இப்பவே அவன்கிட்ட சொல்லிடறேன்” என்று மாசிலாமணி போனை எடுத்தார். எழுந்து விமானத்தின் வால் பக்கம் போய் நின்றார். அந்த இடம் வாசலிலிருந்து தெரியாது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். பின்னால் மில் ஓடும் சத்தம்.

“தவசி, நான்தான்.”

“சொல்லுங்கண்ணே.”

அந்த ‘அண்ணே’யை மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. சமாளித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இன்ஜின் சரியாகத்தான் இருந்தது என்றார். பிளேடுதான் வளைந்திருக்கிறது, நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்றார். மனசில் வைத்துக்கொள்ளாதே, வந்து சேர்ந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவ்வளவையும் சொல்லிவிட்டதில் அவருக்கு உண்மையாகவே மூச்சு லேசானது போலிருந்தது.

தவசி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒன்று மட்டும் கேட்டான்.

“பக்கத்துல யாருண்ணே இருக்கா?”

“யாருமில்லப்பா” என்றார் மாசிலாமணி. “எல்லாரையும் அனுப்பிட்டேன். நீ தாராளமாப் பேசு.”

மில் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

மாசிலாமணி மறுபடி அழைத்தார். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் ப்ரொபெல்லரின் அருகே நின்று, நுனியில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பொறுமையாக அவிழ்த்து, மடித்து, அவரிடம் நீட்டினார்.

மாசிலாமணி வாங்கிக்கொண்டார்.

“அவனுக்கு இன்னும் என்ன வேணும், டீச்சர்? நான்தான் தப்புன்னு சொல்லிட்டேனே.”

“ஒரு பக்கம்தான் அளந்திருக்கீங்க, சார்” என்றார் டீச்சர்.

வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைவதற்குள், டீக்கடைக்குப் போனவர்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாசிலாமணியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அன்றைக்குச் சாவியை வாங்கியபோது நின்றவர்கள் ஒருவர் குறையாமல் இருந்தார்கள். ஏறக்குறைய அதே இடங்களில் வந்து நின்றார்கள்.

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

சூசை அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். இன்னொரு கையிலிருந்த சிவப்புத் துணியையும் பார்த்தார்.

“போன்ல யாருண்ணே?” என்று கேட்டார். “தவசியா?”

துணி மாசிலாமணியின் கைக்குள் போய்விட்டது.

“யாருமில்லப்பா” என்றார்.