பிள்ளையார் கொடுத்த வெண்டைக்காய்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது கோமளவல்லி அக்கா. போன கார்த்திகையில், பிள்ளையார் கோயிலில், சங்கடஹர சதுர்த்தி அபிஷேகத்துக்குத் திரை போட்டிருந்த நேரத்தில், காத்திருந்தபடியே சொன்னார். நடந்தது ஈரோட்டில், அவருடைய அண்ணன் அருணகிரி வீட்டில். கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். விளக்கேற்றும்போதுகூட அந்த நினைப்புத்தான். நீங்களாவது யோசித்துப் பாருங்கள்.

அருணகிரியின் மனைவி வடிவாம்பாள். பிறந்த வீடு கோபிப் பக்கம், வெண்டைத் தோட்டம். கல்யாணம் ஆகும்வரை விடிந்தால் காய் பறிக்கிற வேலைதான் அவளுக்கு. மருமகள் இலக்கியா. மகன் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் வந்து போவான்.

இலக்கியா வந்த பிறகு அந்த வீட்டுப் பழக்கமே மாறிவிட்டது. கடைக்குத் துணிப்பை, பாத்திரம் தேய்க்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், காய்கறித் தோலெல்லாம் மாடித் தொட்டிக்கு உரம். "குப்பை வண்டி நம்ம வாசல்ல நிக்கிறதையே மறந்துடுச்சு" என்று அருணகிரி கேலி பேசுவார்.

அந்த ஆவணியில் அவள் விதைப் பிள்ளையார் வாங்கி வந்தாள். சாயம் பூசாத களிமண் பிள்ளையார், வயிற்றுக்குள் விதை. வாய்க்காலில் போட வேண்டாம், வீட்டிலேயே கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் செடி வரும். என்ன விதை என்று கடைக்காரரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வடிவாம்பாள் முறைப்படி பூஜை முடித்து, பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, "போயிட்டு வாப்பா. வரும்போது இந்த வீட்டுக்கு ஒரு குழந்தையைக் கையோட கூட்டிட்டு வா" என்று வழியனுப்பிவிட்டுத்தான் கரைத்தாள்.

முளைத்தது வெண்டைச் செடி. ஐப்பசியில் முதல் பூ பூத்த வாரமே, வருஷக்கணக்காகக் காத்திருந்த இலக்கியா உண்டாகியிருப்பது தெரிந்தது. வடிவாம்பாள் நேராகத் தொட்டி முன்னால் போய் நின்றாள். "குழந்தை நல்லபடியாப் பொறக்குற வரைக்கும் உன்மேல ஒருத்தர் நகமும் படாதுப்பா" என்று வாக்குக் கொடுத்தாள். கீழே வந்து மருமகளைக் கட்டிக்கொண்டு, "மசக்கையில நீ எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லமாட்டேன் கண்ணு" என்று இன்னொரு வாக்கும் கொடுத்தாள். இரண்டும் மனசாரச் சொன்னதுதான்.

இலக்கியாவுக்குக் கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் அவள் கேட்டாள்: "அத்தை, தொட்டியில காய்ச்சிருக்குதே அந்த வெண்டைக்காய், அதைப் பச்சையாக் கடிக்கோணும்போல இருக்குதுங்க."

வடிவாம்பாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கி வந்து கொடுத்தாள். இலக்கியா ஒரு கடி கடித்தாள். உடனே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"ஏன் வடிவு, மாடியில காயை வெச்சுக்கிட்டுச் சந்தைக்கு ஓடுற?" என்று அருணகிரி கேட்டார். அவள் தொட்டி முன்னால் கொடுத்த வாக்கைச் சொல்லி அழுதாள்.

"நீதான பிள்ளையாரை வடக்க நகர்த்தி வழியனுப்பி வெச்ச? ஊருக்குப் போனவரு எப்படித் தொட்டியில உட்கார்ந்திருப்பாரு?"

"அவரு போயிட்டாருன்னா, இவ வயித்துல குழந்தையக் கொண்டாந்து வெச்சது யாருங்க?"

அருணகிரிக்கு மருமகள் சுருண்டு கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. வடிவாம்பாள் கோயிலுக்குப் போன சமயம் மாடியேறிக் காயைப் பறித்து வந்தார். வாக்கு விஷயத்தையும் மருமகளிடம் மறைக்காமல் சொல்லி, "இந்தா சாமி, சாப்பிடு. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்று நீட்டினார்.

இலக்கியா காயை வாங்கி மோந்து பார்த்தாள். வாய் ஊறியது. "வேண்டாங்க மாமா. அத்தை குடுத்த வாக்கைத் தின்னுதான் எனக்குப் பசியாறோணுமா?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டே மாடியேறி, அதைத் தொட்டி மண்ணிலேயே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போன வடிவாம்பாள் மண்ணில் கிடந்த காயைப் பார்த்தாள். எடுத்தாள். காம்பின் நுனியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். பிறகு தடதடவென்று படியிறங்கி வந்து, "கண்ணு, பிள்ளையாரே உதிர்த்துக் குடுத்துட்டாரு பாரு!" என்றாள்.

மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இலக்கியா காம்புவரை கடித்துத் தின்றாள். வயிற்றில் தங்கியது. பின்னாலேயே ஒரு வாய் ரசஞ்சாதமும் இறங்கியது.

இப்போது சொல்லுங்கள். வாக்கு இருப்பது தெரிந்தும் பறித்தாரே அருணகிரி. முதலில் திருப்பி வைத்துவிட்டு, பிறகு உண்மையைச் சொல்லாமல் தின்றாளே இலக்கியா. ஒன்றும் அறியாமல் எடுத்துக் கொடுத்தாளே வடிவாம்பாள். இதில் யார் செய்தது சரி? பிள்ளையாருக்குக் கொடுத்த வாக்கு உடைந்ததா, இல்லையா?

விடை: நான் முதலில் அருணகிரி என்றேன். அப்புறம் இல்லையில்லை, இலக்கியா என்றேன். அக்கா சிரித்தார். "மிச்சக் காயெல்லாம் யாரும் தொடாம செடியிலயே முத்தி, காய்ஞ்சு நிக்குது. ஒண்ணுகூட உதிரலை" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்டைக்காய் தானாக உதிராது. தோட்டத்தில் பறித்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? காம்பைத் தடவியபோதே அது கையால் ஒடித்தது என்று தெரிந்திருக்கும். தெரிந்துதான் கொடுத்தாள். வாக்கு உடைந்தது உண்மை. ஆனால் உடைத்த மூவரில் ஒருவரும், வயிற்றுப் பிள்ளைக்காகத் தின்ற இலக்கியாகூட, தனக்காக உடைக்கவில்லை, அதனால் மூன்றும் சரி என்பது அக்காவின் விடை. எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. பிள்ளையார் கொடுத்தார் என்று அவள் சொன்னது பொய் என்றால், அந்தச் செடியைக் கொடுத்தது யார்?

வைகாசியில் பெண் குழந்தை பிறந்து தாயும் பிள்ளையும் சுகம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஈரோட்டுப் பக்கம் போனால், வெண்டைக்காய் உதிருமா என்று வடிவாம்பாளிடம் கேட்டுவிடாதீர்கள்.