தொட்டியில் மிஞ்சிய கட்டிகள்

தெற்குச் சீமையில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் கட்டடப் பொறியியல் துறையில் ஆண்டுக்கு ஒரு கண்டுபிடிப்புக்குத்தான் பரிசு. பரிசில் ஒரே பெயர். அந்தப் பெயருக்குரியவர் ஆய்வகத்தில் இன்னும் ஓராண்டு இருக்கலாம். ஆய்வு மாணவி இசக்கியம்மாளுக்கு அது கிடைக்காவிட்டால், மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உப்பளச் சேற்றைச் சுட்டுப் பொடித்துச் சிமெண்டோடு கலக்கலாம் என்பது பேராசிரியர் குற்றாலநாதனின் யோசனை. கலந்தவள் இசக்கி. அக்டோபர் 22 அன்று ஒன்பது கட்டிகள் வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினாள். எந்தக் கட்டியானாலும், அதை எடுத்து உடைத்து வலிமை பார்க்க வேண்டிய தேதியை அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் எழுதிவிடுவது அங்கே வழக்கம்.

இருபத்தெட்டாம் நாள் மூன்றை உடைத்தார்கள். பொலபொலவென்று உதிர்ந்தன.

"சேறு சேறாத்தாம்மா இருக்கும். மிச்சத்தையும் தூக்கிப் போட்டுரு," என்றார் பேராசிரியர். பதிவேட்டில் 'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவள் தூக்கிப் போடவில்லை. மீதி ஆறிலும் பழைய தேதியைச் சுரண்டிவிட்டு 'ஜனவரி 20' என்று எழுதினாள். தொண்ணூறாம் நாள். யாரிடமும் சொல்லவில்லை; சொல்ல ஆளும் இல்லை.

பொங்கலுக்கு விடுதி காலியானது. ஊருக்குப் போனால், "இன்னும் படிப்பு முடியலையாட்டி?" என்பார்கள். அவள் போகவில்லை. ஐந்து நாள் பன்னும் டீயும். தினம் தொட்டித் தண்ணீரை மாற்றுவாள். குழாய்ச் சத்தம் நின்றால் கட்டடமே செத்த மாதிரி இருக்கும்.

பத்தொன்பதாம் தேதி விடுதியில் அடுப்பு மூட்டினார்கள். சுடுசோற்றுக்கு ஓடினாள். அந்த அரைமணி நேரத்தில் ஊரிலிருந்து திரும்பிய சக ஆய்வாளன் ரெக்ஸ், தன்னுடையவை என்று நினைத்து மூன்று கட்டிகளை எடுத்தான். தேதியைப் பார்க்காமல், அழுத்தி உடைக்கும் இயந்திரத்தில் வைத்தான். சாதாரணக் கட்டி உடையும் அளவைத் தாண்டி முள் ஏறிக்கொண்டே போனது.

"சார், இங்க வந்து பாருங்க."

இசக்கி ஈரக் கையோடு வந்தபோது இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம். யாரும் நகர்ந்து வழிவிடவில்லை. எடுத்த படத்திலும் அவள் இல்லை.

பரிசுக்கு மூன்று பெயர்கள் வந்தன. துறைத்தலைவர் மங்கையர்க்கரசி மூவரையும் அழைத்தார்.

"யோசனை என்னோடது," என்றார் குற்றாலநாதன்.

"உடைச்சுப் பாத்தது நான்தானே மேடம்," என்றான் ரெக்ஸ்.

துறைத்தலைவர் இசக்கியிடம் திரும்பினார். "இது இப்படி இறுகும்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது மேடம்."

ரெக்ஸ் சிரித்துவிட்டான். "அப்போ என் பேச்சைக் கேக்காததுக்கா பரிசு?" என்றார் பேராசிரியர்.

துறைத்தலைவர் மிஞ்சிய மூன்று கட்டிகளில் ஒன்றைப் புரட்டி, அதன் தேதியை வெகுநேரம் பார்த்தார்.

நீங்களே சொல்லுங்கள்: அந்த ஒற்றை இடத்தில் யார் பெயரை எழுதுவது நியாயம்?

விடை: இசக்கியம்மாள் பெயரை. பேராசிரியர் கேள்வியைத் தொடங்கினார், உண்மைதான். ஆனால் அதைத் தன் கையாலேயே மூடிக் கையெழுத்திட்டார். ரெக்ஸ் கண்டது, கைதவறி எடுத்த கட்டியில். தேதியைப் படித்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டான். எல்லோரும் கைவிட்ட பிறகும் அதற்கு ஒரு நாள் குறித்துக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். 'தெரியாது' என்றாளே என்பீர்கள். தெரிந்திருந்தால் எதற்குக் காத்திருக்க வேண்டும்? பரிசளிப்பு நாளில் படமெடுக்க அவளைத் தேடினார்கள். அவள் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து, மிஞ்சிய மூன்று கட்டிகளிலும் ஓராண்டு நிறையும் தேதியை எழுதிக்கொண்டிருந்தாள்.