ஆற்றில் கிடந்த நடுகல்

“புண் முதுகிலாம்.”

துவைகல்லில் துணியை அடித்தபடி ஒருத்தி சொன்னாள்.

“ஓடினவனுக்கும் நடுகல்லா? அப்படியானால் என் வீட்டுச் சேவல் செத்தாலும் ஒன்று நடலாம்,” என்றாள் மற்றவள்.

தாழம்புதருக்கு அப்பால், மேலாடையைக் கழற்றாமலே குளித்துக்கொண்டிருந்த சேந்தனின் காதில் அது விழுந்தது. அவன் காலருகே, நீருக்குள், அந்தக் கல் கிடந்தது.

வடக்கெல்லைப் போரில் இறந்த அந்துவன் என்ற காலாளின் கல். வயது பத்தொன்பது. ஊர் வழக்கப்படி, பெயர் பொறித்த கல் ஏழு நாள் ஆற்றில் கிடக்கவேண்டும். ஏழாம் நாள் காலையில், போர் கண்ட ஒருவன் வெற்றுடம்போடு அதைத் தலையில் சுமந்துபோய் ஊரெல்லையில் நடவேண்டும். யாரும் வராவிட்டால் கல் ஆற்றுக்கே. பிறகு அந்தப் பெயருக்கு வேறு கல் கிடையாது.

அன்று ஆறாம் நாள்.

சேந்தன் பன்னிரண்டு ஆண்டு படையில் இருந்தவன். அதை விட்டுக் குன்றுக்கு வந்து, சமணத் துறவியான குரத்தி அம்மையிடம் சீடனாகி எட்டு ஆண்டு ஆகிறது. அந்துவனின் தாய் எயினி, கல்லைச் சுமக்க அவனைத்தான் கேட்டிருந்தாள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டதும் அவனுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியின் மேலேயே ஒரு சந்தேகமும் வந்தது. ஈர ஆடையோடு கிளம்பினான்.

உடலை வண்டியில் கொண்டுவந்தவன் கீரன். அந்துவனோடு ஒரே அணியில் நின்றவன்; காலில் காயம்பட்டு, கல்லைச் சுமக்க முடியாமல் இருந்தவன்.

“அவன் ஓடினானா?”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? நான் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.”

கீரன் சிரித்தான். சேந்தன் சிரிக்கவில்லை. இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்கிறவன் வேறெதையோ ஒளிக்கிறான் என்று பட்டது.

எயினி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்குமுன்பே, “நீ ஆறாவது ஆள்,” என்றாள்.

“புண்ணை நீ பார்த்தாயா?”

“நான்தானே கழுவினேன். முதுகில்தான்.” முறத்தைக் கீழே வைத்தாள். “நெஞ்சில் பட்டிருந்தால், ஏன் பட்டது என்று ஒருவராவது கேட்டு வந்திருப்பீர்களா?”

அவன் குன்றேறினான். குகை வாயிலில் அம்மை, மயில்கள் உதிர்த்த பீலிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மையே, அந்தக் கல்லை நான் சுமக்கமாட்டேன்.”

“கனமா?”

“பொய். அது பொய்க் கல்.”

“அதில் என்ன பொறித்திருக்கிறது?”

“எயினி மகன் அந்துவன் போரில் பட்டான் என்று.”

“இதில் எந்தச் சொல் பொய்? எயினியா, மகனா?”

சேந்தன் தலை குனிந்தான். “புண் முதுகில், அம்மையே. விசாரித்துவிட்டேன்.”

“ஏன் திரும்பினான் என்றும் விசாரித்தாயா?”

“கேட்டேன். கீரன் மழுப்புகிறான். தாய் எரிந்து விழுகிறாள். எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள்.”

“ஓஹோ.” அம்மை ஒரு பீலியை வெயிலில் திருப்பிப் பார்த்தார். “உச்சி வெயில். மேலே போர்த்திய ஈரத்துணியை எடுத்துக் காயப்போட்டு உட்காரேன்.”

சேந்தனின் கை தானாகவே மேலாடையின் நுனியை இறுக்கியது. “பழகிவிட்டது, அம்மையே.”

“எட்டு ஆண்டாகவா?”

அவன் ஈரத்துணியோடே உட்கார்ந்தான்.

அம்மை மூன்று பீலிகளைச் சேர்த்து நாரால் கட்டினார். கல்லுக்குச் சூட்டும் பீலி. அதை அவன் கையில் வைத்தார்.

“செத்தவன் வாய் திறக்கமாட்டான், சேந்தா. முதுகில் புண் பட்டும் உயிரோடு இருக்கிறவன் எவனாவது தெரிந்தால், அவனிடம் கேட்டுப் பார்.”

மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. சுமக்க ஆள் வருமா என்று பார்க்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தார்கள். எயினி தண்ணீருக்குள் முழங்கால் அளவில் கல்லருகே நின்றாள். அந்த இரண்டு பெண்களும் துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

சேந்தன் குன்றிலிருந்து இறங்கி வந்தான். பீலியை எயினியிடம் கொடுத்தான். பிறகு மேலாடையை அவிழ்த்தான். வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை, அவன் முதுகின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஓடியது.



அவன் மேலாடையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினான். குனிந்து கல்லைத் தூக்கித் தலையில் ஏற்றினான்.

எல்லைக்குப் போக வாய்க்கால் வரப்பில் குறுக்குவழி உண்டு. அவன் தெரு வழியாகவே நடந்தான்.